மாடியில் நின்ற பறவைகள்

ஊசிலங்குடியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் கண்மாய்க் கரைக்கு வந்தால், தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொள்ள, பொண்ணும் மாப்பிள்ளையும் சொந்தபந்தமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள, கரை தாண்டும் மட்டும் எல்லாரும் திருட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்து, அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து மேளம் தொடங்கும். கண்மாய்க் கருவேல மரங்களில் கூடுகட்ட வரும் பறவைகளுக்காக இந்த ஏற்பாடு. எந்தத் தேசத்துப் பறவைகள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்று மட்டும் தெரியும். பேறுகால வீட்டில் சத்தம் போடக்கூடாது என்றும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் மழை பொய்த்து, கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, மகள்களில் ஒருத்தியும் வராமல் வருஷங்கள் போய், இன்னொரு ஐப்பசியும் பிறந்த ஒரு காலையில், பறவைகள் வந்தன. கண்மாய்க்கு வரவில்லை. வீடுகளின் மேல் இறங்கின. நாரை உயரம், நாரைக் கால், ஆனால் நாரை இல்லை. கஞ்சியில் சாம்பலைக் கரைத்தது போன்ற நிறம். அணைத்து வைத்த போன் திரை மாதிரி கறுத்து, பார்க்கிறவர் முகத்தை மங்கலாகத் திருப்பிக் காட்டும் இமைக்காத கண். அவை கத்தவில்லை, குச்சி பொறுக்கவில்லை, இடத்துக்கு அடித்துக்கொள்ளவில்லை. அந்தந்த வீட்டு வாசலைக் குனிந்து பார்த்தபடி வரிசையாக நின்றன. ஏன் வந்தன என்று ஊர் கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றுதான் கேட்டது.

எல்லா வீட்டையும்விட அதிகமாக இறங்கியது பொன்னழகு வீட்டு மாடியில். அவள் புருஷன் கருப்பையா போர்வெல் லாரியில் வேலை பார்த்தான். வடக்கே எங்கெங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பவன். டவர் கிடைக்கும் இடத்துக்கு லாரி எப்போது வரும், அவன் எப்போது கூப்பிடுவான் என்று சொல்ல முடியாததால் பொன்னழகு போனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. கையிலேயே இருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததைத் தள்ளினால் அடுத்தது வந்தது. யாரோ ஒருத்தி எங்கோ ஒரு ஊரில் மீன் கழுவினாள், யாரோ ஒருவன் மாமியாரைப் போல நடித்தான், யாரோ ஒரு குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது. பொன்னழகு பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கினாள், தள்ளினாள். கருப்பையா கூப்பிட்டபோதுகூட, சில நாள், ஒரு கணம் எரிச்சலாக இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் சோலைமலை மாலையோடு வந்து அவள் வீட்டு வாசலில் நின்று மாடியை அண்ணாந்து கும்பிட்டார்.

“ஏத்தா பொன்னழகு, கண்மாய்க்கு வர வேண்டியதெல்லாம் உன் மாடிக்கு வந்துருச்சே. அப்படி என்னத்தா புண்ணியம் பண்ணுன?”

“நான் என்ன மாமா பண்ணுனேன். சும்மா உக்காந்துதான் இருந்தேன்.”

அது உண்மையும்கூட. ஆனால் ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. குழந்தை வேண்டியவர்கள் அவள் வீட்டு நிலைப்படியில் மஞ்சள் பூசினார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் முதலில் மாடியைப் பார்த்தார்கள். பறவை குறைந்த வீட்டுக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தன்னை இத்தனை பேர் நின்று பார்ப்பது பொன்னழகுக்குப் பிடித்திருந்தது. மகள் தாரிகா மட்டும் மாடியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

தாரிகாவுக்கு எட்டு வயசு. பறவைகள் வருவதற்கு முன்பே, புரட்டாசியில் ஒரு நாள், அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தாள்: “நான் அத்தை வீட்டுல இருந்து படிக்கிறேன்ப்பா.” ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பிடிவாதமும் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. அடுத்த முறை அவன் கூப்பிட்டபோது அதையே அதே குரலில் சொன்னாள், அதற்கு அடுத்த முறையும். கருப்பையாவின் அக்கா உமையாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துகிறாள், பிள்ளை இல்லாதவள், “அனுப்புறா, நான் பாத்துக்கிறேன்” என்று அவளும் சொல்லிவிட்டாள். மெஸ்ஸில் சாப்பிடும் ஹெட்மாஸ்டர் ஒருவர் வருஷ நடுவிலேயே தன் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பொங்கலுக்கு வரும்போது கூட்டிப்போய் விடுவதாகக் கருப்பையா ஒத்துக்கொண்டான். பொன்னழகு சண்டை போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். “சின்னப்புள்ள, மறந்துரும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனை எடுத்தாள்.

பறவைகள் வந்தபின் ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அதாவது, அடங்கியது. முன்பெல்லாம் அடக்கம் கண்மாய்க் கரையோடு சரி. பறவை இருக்கும் இடத்தில் வாயைப் பொத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டையைத் திறந்துகொள்ளலாம். இப்போது பறவை தலைக்கு மேலேயே நின்றது. எனவே வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும் என்று சோலைமலை ஆள் விட்டு வீடு வீடாகக் காதில் சொல்லச் செய்தார். பள்ளிக்கூட மணிக்குத் துணி சுற்றினார்கள். அம்மி கொத்தக்கூடாது, குழந்தையை அதட்டக்கூடாது, புருஷன் பெண்டாட்டி கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தால் பக்கத்து ஊர் தாண்டிப் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் போடாமல் மனுஷன் எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பான்? ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். காதில் வயரைச் செருகிக்கொண்டார்கள். கையில் வெளிச்சத்தோடு ஊரே தலையைக் குனிந்து உட்கார்ந்தது. மேலும் பறவைகள் வந்தன. அவை வர வர ஊர் மேலும் அடங்கியது, ஊர் அடங்க அடங்க அவை மேலும் வந்தன.

கெண்டை மீன் வாங்கி வந்து மாடியில் போட்டார்கள். மீன் அழுகியது, பறவை தொடவில்லை. மதுரையிலிருந்து பறவை பார்க்கிறவர்கள் முழங்கை நீளக் கேமராக் கண்ணாடிகளோடு வந்து படுத்துக்கொண்டும் மண்டியிட்டும் படம் எடுத்தார்கள். படத்தில் வெறும் மாடியும் துணிக்கொடியும்தான் இருந்தன. ஊர் இளவட்டங்கள் ஸ்டேட்டஸ் போட எடுத்ததிலும் அப்படித்தான். காட்ட முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் பழையபடி மற்றவர்கள் காட்டுவதைப் பார்க்கப் போனார்கள்.

கார்த்திகையில் கதவுகள் பிடிக்க ஆரம்பித்தன. முதலில் பொன்னழகு வீட்டு வாசல் கதவு. தோளால் இடித்தால்தான் திறந்தது. ஆசாரி வந்து மேல் விளிம்பை இழைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி பிடித்தது. “கதவுல ஒண்ணும் இல்லம்மா. மேல இருந்து வீடு அமுங்குது” என்றார் அவர், இதற்கு மேல் சொல்வது தன் தொழில் இல்லை என்பது போல.

அந்த மாதம் ஒரு மத்தியானம் உமையாள் வந்து இறங்கினாள். வாசல் கதவை ஒரு இடி இடித்துத் திறந்தாள்.

“என்னடி இது, ஊரு இழவு விழுந்த வீடு மாதிரி கெடக்கு? பஸ்ஸை விட்டு எறங்கி ‘எப்படிய்யா இருக்கே’ன்னு ஒருத்தன்ட்ட கேட்டேன், வாயில வெரலை வைக்கிறான். செத்தது யாருன்னு நெனச்சுட்டேன்.”

“மெதுவா மதினி. மேல பறவை நிக்குது.”

“நின்னா நிக்கட்டும். வாடகையா குடுக்குது?” என்று சொல்லிவிட்டு, “தாரிகா, ஏ தாரிகா, எங்கடி போன, அத்தை முறுக்கு கொண்டாந்திருக்கேன், பல்லு இருக்கா கடிக்க?” என்று கத்தினாள்.

தாரிகா ஓடி வந்தாள். பொன்னழகு மகள் ஓடிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளையிடம் உமையாள் பச்சையாகவே கேட்டாள்: “ஆமா, உங்கம்மா உன்னை அடிக்கிறாளா? சோறு போடலையா? அவளை விட்டுட்டு எதுக்குடி என் வீட்டுக்கு வர்றேங்குற?”

பொன்னழகு அடுப்படியில் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“அம்மா அடிக்காது. திட்டவும் திட்டாது” என்றாள் தாரிகா. முறுக்கை ஓரப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டு, யோசித்து, “உங்க வீட்டுல சண்டை போடுவாங்க அத்தை. நல்லா இருக்கும்” என்றாள்.

உமையாள் சிரித்தாள். பொன்னழகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காய்ந்த துணி எடுக்கப் போவதாக யாரிடமோ சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். பறவைகள் வந்த நாளிலிருந்து அவள் மேலே வரவில்லை. அவை ஒதுங்கி வழிவிட்டன. கைப்பிடிச் சுவர் ஓரமாக, தண்ணீர் போகும் பொந்து பக்கத்தில், கோலிக்குண்டு அளவில் காய்ந்த சாணி உருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே பால் பல் இருந்தது. இன்னொன்றை உடைத்தாள், அதிலும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிந்தால் அடுத்த பல் வரிசையாக முளைக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். எறியும்போது பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். தான் நிற்கவில்லை என்பது பொன்னழகுக்குத் தெரிந்தது. எப்போது விழுந்தன என்று யோசித்தாள். தெரியவில்லை. உள்ளங்கையில் பற்களை வைத்துக்கொண்டு சுடுதரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பறவை அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். அதன் கண்ணில் அவள் முகம் சிறிதாக, குனிந்து தெரிந்தது. பறவையைத் தொடக்கூடாது என்பது பிறந்த நாளிலிருந்து ஊசிலங்குடியில் சொல்லப்படுவது. அவள் தொட்டாள். ரொம்ப நேரம் சார்ஜில் கிடந்த போனைப் போல அதன் மார்பு சுட்டது. இழுத்து மடியில் வைத்தபோது அது எதிர்க்கவில்லை. உள்ளே ஏதோ முனகுவது போலிருக்க, காதை வைத்தாள்.

குக்கர் விசில் கேட்டது. ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் தெருவில் வந்து தேய்ந்தது. அவளுடைய வீடுதான், போன கோடையில் ஏதோ ஒரு சாயங்காலம். பிறகு தாரிகாவின் குரல்: “அம்மா, பல்லு ஆடுதும்மா.”

“ம்” என்றது பொன்னழகின் குரல்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தாரிகா பேசினாள், ஆனால் குரலை மாற்றி, பெரியவள் மாதிரி கனமாக்கிக்கொண்டு. “அடடே, எங்க, காட்டு. ஆ சொல்லு.” உடனே தன் குரலில், “ஆ.” மறுபடி அந்தப் பெரிய குரல்: “வலிக்குதா என் தங்கத்துக்கு?” “லேசா.” “பயப்படாத. அம்மா பிடிச்சுக்கிறேன்.” ஒரு சின்ன மூச்சு இழுப்பு, ஒரு ‘க்’ சத்தம். “ரத்தம் வருதும்மா” என்றாள் தாரிகா, இது நிஜமாகவே அம்மாவிடம்.

“ம்.”

“இந்தா, தண்ணி. கொப்பளிச்சுத் துப்பு” என்றது பெரிய குரல். “சரிம்மா.” “தைரியமான புள்ளடி நீ.” “ம்.”

பிறகு காலடிகள் வெளியே போயின, பக்கத்து வீட்டு ராக்கம்மாவின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பின. தலைக்கு மேலே பொத்தென்று ஒரு சத்தம் விழுந்தது. அந்தச் சத்தம் பொன்னழகுக்கு நினைவிருந்தது. காக்கா என்று நினைத்திருந்தாள்.

போனைப் பார்த்தபடி அவள் கேட்காமல் விட்ட ஒரு மணி நேரம் உள்ளே இருந்தது, முழுசையும் கேட்டாள். கேட்கக் கேட்க வெயில் இறங்கியது. கடைசியில் உள்ளே சத்தம் தீர்ந்ததும் பறவை மடியிலிருந்து எழுந்து, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, வந்த நாளிலிருந்து விரிக்காத சிறகை விரித்துப் பறந்தது. வறண்ட கண்மாய் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தெரியவில்லை.

கீழே இறங்கி வந்து, “பல்லைக் காட்டு பாப்போம்” என்றாள் மகளிடம். தாரிகா உதட்டை இறுக்கிக்கொண்டாள். “ஒண்ணும் இல்லம்மா” என்றாள்.

அன்றிலிருந்து பொன்னழகு தினமும் ஒரு பறவையாவது கேட்டாள். கேட்டது பறந்தது. ஆனால் காலையில் ஏறிப் பார்த்தால் போன இடத்தில் ஒன்று நின்றது, சில நாள் இரண்டு. அவள் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். சாயங்காலம் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்றே தெரிந்தது. ராக்கம்மாவிடம் கொடுத்து வைத்தாள்; அதைக் கேட்டு வாங்கப் போய் ராக்கம்மாவின் போனில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். இனி தொடமாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள். கருப்பையா கூப்பிட்டான், பேசி முடித்தாள், போன் கையிலேயே இருந்தது. மறுநாள் மாடியில் வந்து நின்றவற்றைப் பார்த்து அவளுக்கு அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. கட்டைவிரலைப் பார்த்தாள். சும்மா இருக்கும்போதும் அது சேலை விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

கடைசியில் பின்வாசல் சுவரில், வெயில் படும் இடத்தில், ஒரு ஆணியை அடித்து, துணிப்பையில் போனைப் போட்டு மாட்டினாள். எடுக்கக்கூடாது என்று எந்தச் சத்தியமும் செய்யவில்லை. பார்க்கலாம், நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கருப்பையா கூப்பிட்டால் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பேசலாம். நின்றால் கால் வலித்தது. வெயில் உச்சியில் அடித்தது. மாமியாரைப் போல நடிப்பவன் அவ்வளவு நேரம் நின்று பார்க்கிற அளவுக்கு ஒன்றும் நடிக்கவில்லை என்று தோன்றியது. வருகிற பறவை குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

ராக்கம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி, பறவையைப் பச்சப்புள்ள மாதிரி மடியில போட்டுக்கிட்டுக் கெடக்குற?” என்றாள். பொன்னழகு சொன்னாள். ராக்கம்மா நம்பவில்லை. நம்பாமலே தன் மாடிக்கு ஏறினாள். போன தையில் இறந்துபோன அவள் புருஷன் ஒரு பறவைக்குள்ளிருந்து இருமினான், வெந்நீர் கேட்டான், பழைய சேர்வைகாரர் ஒருவரைப் பற்றி ஒரு கெட்ட கதையைச் சொல்லித் தானே சிரித்தான். அதற்கு அவள் அப்போது சிரிக்கவில்லை. இப்போது மாடியில் தனியாகச் சிரித்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

“பறந்துருச்சாக்கா?” என்று கேட்டாள் பொன்னழகு.

“மத்ததெல்லாம் பறந்துருச்சு. அதை மட்டும் முழுசாக் கேக்க மாட்டேன். முடியிறதுக்குள்ள காதை எடுத்துருவேன். இருந்துட்டுப் போகுது ஒண்ணு.”

ஒருத்தி சொல்லி ஒருத்தி கேட்டு, ஊர் மாடி மாடியாக ஏறியது. அவரவர் பறவை அவரவர்க்கே கேட்டது. பையன்களின் பறவைகளுக்குள் அம்மாக்கள் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டீக்கடைக்காரருக்குத் தன் கடையில் ஒருவர் வேலை போனதைப் பற்றிச் சொன்னது ஆறு மாதம் கழித்துக் காதில் விழ, கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அந்த வீட்டைத் தேடிப் போனார். முந்தின மாதம் பெருமையாக இருந்த மாடி இப்போது வெட்கமாகிவிட்டது. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வருவதற்குள் சிலர் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சோலைமலை தன் வீட்டுப் பறவைகளை ஆள் வைத்து லாரியில் ஏற்றி, திருப்பத்தூர் ரோட்டில் இறக்கிவிட்டு வந்தார். அவர் திரும்பி வந்தபோது அவை மாடியில் நின்றன, அதே வரிசையில். அப்புறம் அவரும் ஒன்றை மடியில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுப் பொன்னழகு வீட்டு வாசலுக்கு வந்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலத்தா” என்றார். “மூச்சு மட்டும் கேக்குது. என் மூச்சு. அப்புறம் அடுத்த ரூம்புல என் மகன் மூச்சு. ஒரு மணி நேரமும் அதான்.”

“எல்லாத்துலயுமா மாமா?”

“எல்லாத்துலயும்.”

அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார். பிறகு பொன்னழகு சொன்னாள்: “மாமா, இதுக வேற, நம்ம கண்மாய்ப் பறவை வேற. இதுகளுக்குச் சத்தம் ஆகாதுன்னு யாரு சொன்னா? இதுகளைக் கொண்டாந்ததே நாம வாயை மூடுனதுதான். கண்மாய்க் கரையில அடங்கிக்குவோம். வீட்டுக்குள்ளயாவது பேச விடுங்க.”

கூட்டம் போட்டார்கள். பறவைக்குப் பங்கம் வந்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள் சிலர். ஏற்கெனவே ஆகாமல்தானே கதவு பிடிக்கிறது என்றார்கள் சிலர். குரல் ஏறியது. ஏறியதைக் கேட்டு அவர்களே திகைத்து நின்று, மாடிகளைப் பார்த்து, ஒன்றும் ஆகாததைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். வீட்டுக்குள் பேசலாம் என்று முடிவானது. ஆனால் பேச்சு பழக்கம் விட்டுப்போயிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் ஊர் முதலில் தெரிந்த சண்டைகளிலிருந்து ஆரம்பித்தது. வேலி நகர்ந்த விஷயம், இரவல் வாங்கிய உரலை உடைத்துக் கொடுத்த விஷயம், கல்யாணத்தில் மொய்க்குப் பேர் விட்டுப்போன விஷயம் எல்லாம் தெருவுக்கு வந்தன. ராக்கம்மாவும் பொன்னழகும் ஒரு முருங்கைக் கிளைக்காக ஒரு சாயங்காலம் முழுக்கக் கத்தினார்கள். தாரிகா பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்கு ஓடி வந்து, நிலையில் சாய்ந்துகொண்டு, கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒம் மகளைப் பாருடி, கூத்துப் பாக்குறா” என்றாள் ராக்கம்மா நடுவில்.

“பாக்கட்டும். நீ கிளைக்கு என்ன பதில் சொல்ற?” என்றாள் பொன்னழகு.

மார்கழியில் மழை வந்தது. நேரங்கெட்ட மழை, ஆனால் பெய்தது. கண்மாய் பாதி நிரம்பியது. ஒரு காலையில் கருவேல மரங்களில் நிஜ நாரைகள் வந்து இறங்கி அடித்துக்கொண்டன. ஊர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. பொன்னழகு மாடியில் பறவைகள் இன்னும் நின்றன. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதைப் பற்றி மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதற்கும் அந்தப் பிள்ளைதான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். தாரிகா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு வாசலில் உட்கார்ந்தாள். முதல் நாள்கள் தாரிகா அந்தக் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு ஒருநாள் பையை அதில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பொங்கல் வந்தது, கருப்பையா வந்தான், முகமெல்லாம் பாறைத் தூசியின் நிறமாக. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உமையாளும் வந்தாள். தாரிகாவின் பை கூடத்தில் தயாராக இருந்தது. துணிகளை மடித்து வைத்தது பொன்னழகுதான். அழாமல் மடித்தாள். போகாதே என்று சொல்லும் உரிமையை மாடியில் நிற்பவை முழுசாகத் திருப்பித் தரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“கெளம்புவோமா? பதினோரு மணி பஸ்ஸு” என்றான் கருப்பையா. கதவை இழுத்தான். கதவு வரவில்லை. தோளைக் கொடுத்தான், காலை நிலையில் ஊன்றி இழுத்தான்.

“பாறையைத் தொளைக்கிறவன், கதவைத் தெறக்க மாட்டேங்குறான் பாரு” என்றாள் உமையாள். பயணம் கிளம்புகிறவள் பின்வாசல் வழியாகப் போகக்கூடாது என்று அவளும் சேர்ந்து இழுத்தாள். வரவில்லை. பின்வாசலில் ஆணியில் தொங்கிய பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. வீட்டில் எல்லாருக்கும் கேட்டது. தாரிகா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு கன்னத்துக்குள் எதையோ நெம்பிக்கொண்டிருந்தது.

“அம்மா” என்றாள். “பல்லு ஆடுது.”

பொன்னழகு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“எங்க, காட்டு. ஆ சொல்லு.”

தாரிகா வாயைத் திறக்கவில்லை. அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரிந்தவை. எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்கிறவள் மாதிரி அம்மாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். போன் அதிர்ந்து ஓய்ந்தது. பிறகு, “ஆ” என்றாள்.

“வலிக்குதா?”

“லேசா.”

“பயப்படாத. அம்மா பிடிச்சுக்கிறேன்.”

பல் வந்தது. ரத்தம் வந்தது. தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னாள். ராக்கம்மாவின் கொட்டகைக்குப் பின்வாசல் வழியாக இருவரும் போய்ச் சாணி எடுத்து, பல்லை உள்ளே வைத்து உருட்டினார்கள். முற்றத்தில் நின்று, “நல்லா ஒசரமா எறி” என்றாள் பொன்னழகு. எறியும்போது பக்கத்தில் நின்றாள். உருண்டை மாடியில் பொத்தென்று விழுந்தது. ஒரு பறவை எழுந்தது, அதைப் பார்த்து இன்னொன்று. கண்மாய்ப் பக்கம் போயின. மற்றவை நின்றன. கூடத்தில் கருப்பையா கதவோடு சேர்ந்து பின்னால் விழுகிற சத்தம் கேட்டது.

திறந்த வாசலில் வெயில் அடித்தது. உமையாள் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.

“வாடி, பஸ்ஸு போயிரும்.”

தாரிகா வாசல் வரை போனாள். நாக்கால் புதுப் பொந்தைத் தடவிப் பார்த்தாள். “இன்னொரு பல்லும் ஆடுது அத்தை” என்றாள்.

உமையாள் நின்றாள். “பொய் சொல்லாத. எங்க பாப்போம்?”

“அம்மா பாக்கட்டும்.”

பொன்னழகு குனிந்து, மகள் காட்டிய பல்லின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். முளைத்து ஒரு வருஷம்கூட ஆகாத பல். பாறை மாதிரி இருந்தது.

“ஆமா மதினி” என்றாள். “ஆடுது.”